ஜெஸீமாவின் நம்பருக்குப் போன கோட்

கொமினிகேஷன் கடை வைத்திருப்பவன் ஊரார் மறந்துபோகும் பாஸ்வேர்டுகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவன். போட்டோக்கொப்பி அடிப்பது அவனுக்குச் சின்ன வேலை. இதை வாசிக்கிற நீங்களும் ஒரு நாள் அப்படியொரு கடைக்கு முன்னால் வியர்த்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். நான் உள்ளே நின்று வியர்த்தவன், அவ்வளவுதான் வித்தியாசம்.

சாய்ந்தமருதில் பிரதான வீதியோரம் என் கடை. கம்ப்யூட்டரை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. பழுதாக்கிப் பழுதாக்கிப் படித்ததுதான். கிளவுட் என்கிறார்களே, அதன் அரிச்சுவடியையும் அப்படித்தான் படித்தேன். அந்தப் படிப்பில் நெஞ்சு படபடத்த சில இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

காணாத ஆளின் வீடு

ஒரு நாள் காலை கடைக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் இரண்டு தரம் டக் டக் என்று அடித்துவிட்டு நின்றுவிட்டது. உள்ளே மருதமுனை ஹாஜியார் ஒருவரின் சாரி டிசைன்கள் இருந்தன. கைத்தறி நடத்துகிறவர். கட்டம் போட்ட கடதாசியில் வரைந்து வைத்திருந்த கரைகளையும் பூக்களையும் நான்தான் ஸ்கேன் செய்து கொடுத்தேன். “கடதாசியைக் கறையான் தின்னும், இதைத் தின்னாது” என்று வாக்கும் கொடுத்திருந்தேன். கறையானுக்குக்கூட ஒரு டிசைனைத் தின்று முடிக்க ஏழு நாள், ஒரு முழுக் கிழமை, ஆகும். என்னுடைய டிஸ்க் ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் தின்றுவிட்டது.

அதன் பிறகுதான் கிளவுட் படிக்க உட்கார்ந்தேன். வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். நம்முடைய பைல் நம்முடைய பெட்டியில் இருக்காது. இன்டர்நெட் வழியாகத் தூரத்திலுள்ள ஒரு கம்பனியின் பெரிய கம்ப்யூட்டர்களுக்குப் போய் அங்கே இருக்கும். ஒன்று பழுதானால் இன்னொன்றில் பிரதி இருக்கும். எந்த ஊரிலிருந்தும் பாஸ்வேர்டைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். நல்ல வேளையாக ஹாஜியார் கடதாசிகளை எறிந்திருக்கவில்லை. திரும்பவும் ஸ்கேன் செய்து, மேலே ஏற்றி, அவருக்கு இதையெல்லாம் விளங்கப்படுத்தினேன். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

“அப்ப, நம்மட சாமான நாம கண்டிராத ஆள்ட ஊட்டுல கொண்டு வெக்கிறதத்தான் நீங்க இவ்வளவு நாளா இருந்து படிச்சிரிக்கீங்க?”

ஒரு நம்பர், ஒரு கொப்பி

அந்தக் காலத்தில் கடையில் இரண்டு மேசை. ஒன்று என்னுடையது. மற்றது, திரைக்கு அங்கால், என் மனைவி ஜெஸீமாவுடையது; பெண்கள் அங்கேதான் போவார்கள். வெளிநாடு போகிறவர்களுக்கு ஈமெயில் திறந்து கொடுப்பது எங்களுக்கு அன்றாட வேலை. ஈமெயில் திறந்தால் கூடவே கிளவுட்டில் இடமும் வரும், போனில் எடுக்கிற படமெல்லாம் தானாக அங்கே போய்ச் சேரும். திறக்கும்போது ஒரு போன் நம்பர் கேட்பார்கள். பாஸ்வேர்ட் மறந்தாலும், புதிய போனில் திறந்தாலும் அந்த நம்பருக்கு ஒரு கோட் வரும். கோட் இல்லாமல் கதவு திறக்காது.

எங்கள் ஆட்களோ சிம்மைச் சட்டை மாதிரி மாற்றுகிறவர்கள். ஆகவே நாங்கள் ஒரு வழி செய்தோம். யார் வந்தாலும் ஜெஸீமாவின் நம்பரையே போட்டோம். பெயர், பாஸ்வேர்ட் இரண்டையும் அவள் கட்டி அட்டை போட்ட ஒரு சிஆர் கொப்பியில் அழகான எழுத்தில் எழுதி வைப்பாள். கோட் வேண்டுமென்றால் கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் அவளுக்குத்தான் அழைப்பு வரும். சோறு வடித்துக்கொண்டே ஆறு இலக்கத்தையும் வாசித்துவிடுவாள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு பயம். ஊரின் திறப்பெல்லாம், அத்தனை பூட்டின் சாவியும், ஒரே கொழுவியில் தொங்குவது சரியா என்று ஒருநாள் கேட்டேன். அவள் எழுதுவதை நிறுத்தாமலே சொன்னாள்:

“அவங்க வெளிநாடு போனா சிம்ம மாத்துவாங்க. நான் எங்க போகப் போறன்?”

மாஸ்டர் துப்புரவு செய்தார்

ஜெஸீமா மௌத்தாகி, அவளை அடக்கி இரண்டு வருடம் முடிந்த சமயம் உதுமான் மாஸ்டர் கடைக்கு வந்தார். ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். எதுவும் ஒழுங்காக இருக்க வேண்டும். என் கம்ப்யூட்டரில் முன்பிருந்தே திறந்து கிடந்த தன்னுடைய கணக்குக்குள் போய், “இந்தப் படமெல்லாம் என்ட போன்ல இரிக்கி, இஞ்ச என்னத்துக்கு?” என்று நிக்காஹ் வீட்டுப் படங்கள் முழுவதையும் தெரிவுசெய்து அழித்துவிட்டார். அரை மணித்தியாலத்தில் அவருடைய போனிலும் ஒரு படம்கூட இல்லை.

இதில் ஏமாறாதவர்கள் குறைவு என்பதால் சொல்லி வைக்கிறேன். கிளவுட்டும் போனும் இரண்டு அலுமாரிகள் அல்ல, ஒரே அலுமாரிக்கு இரண்டு கதவுகள். இந்தக் கதவால் எடுத்து எறிந்தால் அந்தக் கதவைத் திறந்தாலும் இருக்காது. குப்பைக்கூடையில் கொஞ்ச நாள் கிடக்கும், அதற்குள் எடுத்துவிட வேண்டும். ஆனால் மாஸ்டர் பதற்றத்தில் இங்கும் போனிலும் கணக்கிலிருந்து வெளியே வந்திருந்தார். திரும்ப உள்ளே போகப் பார்த்தால், நாற்பத்தேழில் முடிகிற நம்பருக்குக் கோட் அனுப்பியிருப்பதாக எழுத்து வந்தது.

நாற்பத்தேழில் முடிகிற நம்பர் எது என்று எனக்குக் கொப்பியைப் பார்க்கத் தேவையில்லை. வீட்டுக்கு ஓடினேன். அலுமாரியில் ஜெஸீமாவின் போன் பற்றரி வீங்கிக் கிடந்தது. சிம்மைக் கழற்றி என் போனில் போட்டேன். சேவை இல்லை என்று காட்டியது. நான் அவளுடைய உடுப்பை மடித்து வைத்தேன், கொப்பியைப் பத்திரப்படுத்தினேன், சிம்முக்கு ரீலோட் போட மட்டும் நினைக்கவில்லை. பாவிக்காத நம்பரைச் சில மாதங்களில் வெட்டிவிட்டு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மாஸ்டரின் வீட்டில் பழைய டெப்லெட் ஒன்று இன்னும் கணக்குக்குள்ளே இருந்தபடியால் படங்களை மீட்டோம். அவருக்கு அது போதவில்லை, விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

“தம்பி, ஜெஸீமா போய் ரெண்டு வருசம். நாங்க எல்லாரும் இன்னும் அவக்கிட்டத்தான் திறப்புக் கேட்டுக்கிட்டு நிக்கிறமா?”

மறுமுனையில் ஒரு ஆண்

அந்த நம்பரை அழைக்க எனக்கு மூன்று நாள் எடுத்தது. என் போனில் அது இன்னும் அவளுடைய பெயரில்தான் கிடந்தது. பெயரைத் தொட்டேன். மணி போனது. எடுத்தது ஒரு ஆண் குரல். பின்னால் அலைச் சத்தம். வைத்துவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப எடுத்தேன்.

“ராத்தா இல்ல, றோங் நம்பர்” என்றார், நான் வாயைத் திறக்கும் முன்பே. பெயர் யோகன். வினாயகபுரத்துக்காரர், கடற்றொழில். கடையில் புதிய சிம் கேட்டபோது கொடுத்த நம்பர் இதுவாம். அன்றிலிருந்து வெளிநாட்டிலிருந்து பெண்கள் ராத்தா, ராத்தா என்று யாரோ அக்காவைக் கேட்டு அழைப்பு எடுக்கிறார்களாம், கண்டபடி ஆறு இலக்கக் கோட்கள் வருகின்றனவாம். அடுத்த கிழமை சிம்மைக் கடலில் எறிந்துவிட்டு வேறு எடுக்கப் போவதாகச் சொன்னார். அவர் எறிந்தால் அந்த நம்பர் மறுபடி செத்துவிடும். கொப்பியில் உள்ள அத்தனை பேரும் கதவுக்கு வெளியே. நான் கெஞ்சிக் கெஞ்சி விஷயத்தைச் சொல்லி, ஒரு கோட்டை மட்டும் வாசித்துக் காட்டச் சொன்னேன். அவர் சொன்னது:

“கோட்ட ஆருக்கும் சொல்ல வேணாம் எண்டு பேங்கால சொல்லிக் கிடக்கு. நீங்க வேற மெத்த மரியாதையாக் கதைக்கிறீங்க, அதுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக் கிடக்கு.”

இத்தா வீட்டில்

அதே கிழமை ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்தது. பஸ்மியாவின் தம்பி. பஸ்மியாவின் புருசன் நவாஸ் கட்டாரில் வாகன விபத்தில் மௌத்தானார், மையித்தை அங்கேயே அடக்கினார்கள். அவருடைய போன் ஒரு பெட்டியில் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது; நசுங்கிப்போய், இனி உயிர் வராது என்று திருத்துகிறவர்கள் கையை விரித்துவிட்டார்கள். பஸ்மியா இத்தாவில் இருக்கிறாள். பிற ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கிற நான்கு மாதமும் பத்து நாளும் முடியாமல் கடைக்கு வர ஏலாது. ஆகவே நான் போனேன். தம்பி என்னுடன் விறாந்தையில் இருந்தான். அவள் கதவுக்கு உள்ளே நின்று கதைத்தாள்.

நவாஸ் அங்கே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீடியோ எடுப்பாராம். தான் இருக்கிற அறை, ஓட்டுகிற வண்டி, சமைக்கிற சட்டி. சிலதைத்தான் அனுப்பினாராம். மற்றதெல்லாம் “வந்து ஒண்டா இருந்து பாப்பம்” என்று வைத்திருந்தாராம். போன் போனாலும் வீடியோக்கள் கிளவுட்டில் இருக்க வேண்டும். கணக்கைத் திறந்து கொடுத்தது நாங்கள். கொப்பியில் அவருடைய பெயர் ஜெஸீமாவின் எழுத்தில் இருந்தது, பாஸ்வேர்டும் இருந்தது. போட்டுப் பார்த்தேன். நாற்பத்தேழில் முடிகிற நம்பருக்குக் கோட் அனுப்பியிருக்கிறோம் என்றது. இறந்தவரின் கணக்குக்கென்று கம்பனிக்கு ஒரு விண்ணப்பமும் அனுப்பலாம், அனுப்பினோம். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம் என்று அதிலேயே போட்டிருந்தது. இதையெல்லாம் நான் சொல்லி முடிக்க, கதவுக்கு உள்ளேயிருந்து அவள் என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டுச் சொன்னாள்:

“காக்கா, நான் அவர மையித்தாயும் பாக்கல்ல. அதுக்குள்ளயாவது இரிக்காரா எண்டு பாத்துச் சொல்லுங்க.”

கோட் வருகிற இடம்

அடுத்த நாள் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பாலமுனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் எல்லாம் தாண்டும்போது, அவர் சிம்மை எறிந்திருப்பாரோ என்ற ஒரே நினைப்பு. வினாயகபுரம் கரையில் விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். யோகன் வலையை மடித்துக்கொண்டிருந்தார். இன்னும் அரை மணித்தியாலத்தில் போட் இறங்கப் போகிறது. போனில் கதைத்த ஆள் நான்தான் என்று சொல்லி, சிஆர் கொப்பியை அவருடைய மனைவி வசந்தியிடம் நீட்டினேன். அவள் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். “இந்தப் பேர் எடுத்திருக்கு… இவவும் எடுத்தவ, அழுதவ” என்று விரலை வைத்துக்கொண்டே போனாள். அழைப்புகளை எல்லாம் எடுத்துச் சமாளித்தவள் அவள்தானாம். பிறகு, “அந்த ராத்தா எங்க?” என்றாள். சொன்னேன். யோகன் வலையைக் கீழே வைத்தார்.

நவாஸின் கணக்கை என் போனில் திறந்து, கோட் கேட்டேன். வரவில்லை. அந்த இடத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. பொறுமையில்லாமல் இன்னொரு தரம் கேட்டேன். உடனே ஒரு கோட் வந்தது. போட்டேன், பிழை என்றது. வந்தது நான் முதலில் கேட்ட கோட். இரண்டாவது கேட்டவுடன் முதலாவது செல்லாமல் போய்விடும் என்று என் கொப்பியிலேயே எழுதியிருக்கிறேன், பதற்றத்தில் மறந்துவிட்டேன். பிறகு வந்த கோட்டை வசந்தி வாசிக்க, எட்டையும் ஆறையும் நான் மாறிப் போட்டேன். இன்னொரு தரம் பிழைத்தால் பல நாட்களுக்குப் பூட்டிவிடுவோம் என்று எச்சரிக்கை வந்தது. அங்கால போட்டுக்காரர்கள் யோகனைக் கூப்பிடத் தொடங்கினார்கள். “டேய் யோகன், என்னடா, காக்காவோட கல்யாணம் பேசுறியா?”

யோகன் போனை என் கையில் தரவில்லை. தானே போய், கரையேற்றியிருந்த ஒரு பழைய போட்டின் முன்பக்கத்து அணியத்தில் ஏறி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். “இப்ப கேளுங்க. ஒருக்காத்தான். மறுகா விரல எடுங்க” என்றார். கேட்டேன். விரலை எடுத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பத்து நிமிடத்தில் செத்துவிடுகிற கோட்டுக்காக ஒன்றுமே செய்யாமல் நிற்பது போன்ற வேலை இந்தத் தொழிலில் வேறில்லை. போன் டிங் என்றது. யோகன் மேலே நின்று ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல, வசந்தி அதைத் திருப்பிச் சொல்ல, அவள் சொன்ன பிறகே நான் அந்த இலக்கத்தை அமத்தினேன். கதவு திறந்தது. சின்னச் சின்னக் கட்டங்களாக வீடியோக்கள் ஒவ்வொன்றாக வந்து நிரம்பின. ஒன்றில் ஒரு சட்டி தெரிந்தது. போனைக் கவிழ்த்துப் பொக்கற்றில் போட்டேன். முதலில் பார்க்க வேண்டியவள் பஸ்மியா. யோகன் குதித்து இறங்கினார். போனைப் பொலித்தீனில் சுற்றி மடியில் செருகிக்கொண்டு, போட்டுப் பக்கம் நடந்தபடியே சொன்னார்:

“அப்ப இந்தச் சிம்ம இனி எறியேலாது போல கிடக்கு, என்ன காக்கா?”

அமத்தப் பயம்

என் போனிலிருந்தே கோட் வருகிற நம்பரைப் பஸ்மியாவுடையதாக மாற்றி, அவளுடைய போனில் கணக்கைப் போட்டு, தம்பியிடம் கொடுத்தேன். அவன் கதவால் உள்ளே நீட்டினான். முதலில் அலுமினியச் சட்டி கிண்டுகிற சத்தம் கேட்டது. பிறகு நவாஸின் குரல், உப்புக் கூடிவிட்டது என்று சிரித்தது. சட்டிச் சத்தம் மறுபடி முதலிலிருந்து கேட்டது.

நான் எழும்பிச் செருப்பைப் போடும்போது கதவுக்குப் பின்னால் பஸ்மியா நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

“காக்கா, நான் தெரியாம எதையாவது அமத்திட்டன் எண்டா, இவர் மறுகாவும் போயிருவாரா?”

மாஸ்டரின் குப்பைக்கூடை எனக்கு நினைவு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தேன். எல்லா வீடியோக்களையும் ஒரு பென்டிரைவில் இறக்கி, அதை அவளுடைய தம்பியின் கையில் கொடுத்த பிறகுதான் வீட்டை விட்டு வந்தேன். 

மாரியில் செய்த வேலை

பிறகு கொப்பியில் இருந்த ஒவ்வொருவரையும் அழைத்தேன். போனில் இன்னும் கணக்குக்குள்ளே இருந்தவர்களுக்கு வேலை சுகம். நான் சொல்லச் சொல்லத் தங்கள் நம்பரைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். கதவுக்கு வெளியே நின்றவர்களுக்குத்தான் வினாயகபுரத்துக் கோட் வேண்டும். யோகன் கடலில் இருந்தால் கோட்டும் கடலில். மாரி பிறந்து போட்டுகள் கரையேறிய பிறகு வேலை ஓடியது. நான் இங்கிருந்து கேட்பேன், வசந்தி அங்கிருந்து வாசிப்பாள். ஆட்கள் அவளையும் ராத்தா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. மாற்றியவர்களின் பெயரை நான் கொப்பியில் கோடிட்டு வெட்டிக்கொண்டே வந்தேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர் வெட்டாமல் கிடக்கிறது. ஜெஸீமா தன்னுடைய கணக்கையும் அந்தக் கொப்பியிலேயே எழுதி வைத்திருந்தாள், பாஸ்வேர்டோடு. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், அந்தப் பயத்தில் கோட் கேட்காமலே மாரி முடிந்தது. போட்டு இறக்குகிற கிழமை வசந்தி எனக்கு அழைப்பு எடுத்தாள். எல்லாருடையதும் முடிந்ததா என்று கேட்டாள், ஓம் என்றேன். யார் யாருடையது முடிந்தது என்று அவளிடமும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

“பொய் சொல்லாதீங்க காக்கா, கொப்பியில கடைசிப் பக்கத்த நானும் பாத்தனான். ராத்தாடதுக்கு எப்ப கோட் கேக்கப் போறீங்க? இவர் நாளைக்குக் கடலுக்குப் போறார்.”

இத்தனை வருடத்தில் நான் படித்து முடித்த அரிச்சுவடி இவ்வளவுதான்: சாமான் எங்கேயோ பத்திரமாகத்தான் இருக்கிறது, திறப்பு மட்டும் பொலித்தீனில் சுற்றிக் கடலுக்குப் போய்விடுகிறது, கேட்க வேண்டியவனோ கரையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான்.